தாடி விட்ட கதை

மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற வீட்டில் மகள் வாந்தி எடுத்தால் ஊர் தப்பாகப் பேசும். அம்மாக்காரி வாந்தி எடுத்தால் ஊர் சிரிக்கும். எனக்கு வாய்த்தது இரண்டாவது. அறுபதுகளின் நடுவில், ஒரு படி அரிசிக்கு ஊரே அலைந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மாதாமாதம் வருவது நின்றுபோயிருந்தது. நிற்கிற வயதுதானே, விட்டது சனியன் என்று சந்தோஷமாகக்கூட இருந்தேன். தலை சுற்றுகிறதே, டானிக் ஏதாவது கொடுப்பார்கள் என்று செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"நாலு மாசம் ஆவுதும்மா. உனக்குத் தெரியலயா?"

எனக்கு எப்படித் தெரியும்? பத்தொன்பது வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு இருப்பவள் அந்த நினைப்பிலா இருப்பாள்? அவலூர்பேட்டையிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அங்கே மளிகைக்கடை வைத்திருக்கிற குடும்பம், பையன் வாத்தியார், பெண்ணைப் பிடித்துவிட்டது. தட்டு மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் பெண்ணின் அம்மா முழுகாமல் இருக்கிறாள் என்றால், வாயால் சிரிப்பார்களா வேறு எதாலாவது சிரிப்பார்களா? ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வருகிற வரையில் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தேன். ஐப்பசி பிறந்தும் மழை இல்லாமல் கோட்டை மலைப் பாறையெல்லாம் காய்ந்து அனல் அடித்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். திருவண்ணாமலைக்கும் திண்டிவனத்துக்கும் போய்வருகிற தனியார் பஸ். எங்கள் கல்யாணமே அந்த பஸ்ஸால் நடந்ததுதான். கரியைப் போட்டு பஸ் ஓட்டிய காலத்தில் நான் தொண்டூரிலிருந்து செஞ்சிச் சந்தைக்கு என் அம்மாவோடு வருவேன். நான் ஏறினால் இந்த மனுஷன் விசில் அடிக்க மறந்துவிடுவார். டிரைவர் திரும்பிப் பார்த்து, "யோவ், ஊதுவியா, இல்ல எறங்கி நானே ஊதட்டுமா?" என்று கத்துவார். பஸ்ஸே சிரிக்கும். ஒரு வருஷம் இப்படிச் சிரிப்பாய்ச் சிரித்த பிறகு தன் அம்மாவைப் பெண் கேட்க அனுப்பினார். அவர் தங்கமான மனுஷன், ஆனால் கல்லுளிமங்கன். மனசில் இருப்பதை வாயில் வரவழைக்க மந்திரவாதிதான் வர வேண்டும்.

அன்று டியூட்டி முடிந்து வந்தவரிடம் காப்பியைக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நொடியாவது சந்தோஷம் வருமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வரவில்லை. காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப இன்னாமே பண்றது?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மட்டும் தனியாகப் போய்க் கடையில் வாங்கி வந்துவிட்டேனா? "இன்னா பண்றதா? போயி ஊரக் கூட்டி தண்டோரா போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஆனால் அவர் கேட்டதன் அர்த்தம் எனக்குத் தெரியும். பயம் எனக்கும் அதேதான்.

அதைச் சொல்ல வேண்டுமானால் தாடியைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் முகத்தில் கத்தி படக் கூடாது. முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. குழந்தை பிறந்த பிறகுதான் எல்லாம். அதனால் ஒரு ஆம்பிளையின் முகத்தைப் பார்த்தே அவன் வீட்டில் என்ன விசேஷம் என்று தெரு சொல்லிவிடும். மூத்தவள் என் வயிற்றில் இருந்தபோது இவர் முனிவர் மாதிரி தாடியோடு டிக்கெட் கொடுத்தார். பஸ் முதலாளி பெரியவர், ஒன்றும் சொல்லவில்லை. பெண் நல்லபடியாகப் பிறந்தாள்.

அவளுக்கு ஐந்து வயதானபோது அடுத்தது தங்கியது. அதற்குள் பெரியவர் போய் அவர் மகன் முதலாளியாகிவிட்டான். காக்கிச் சட்டைக்கு இஸ்திரி, முகத்துக்குச் சவரம், இல்லையென்றால் வண்டியில் ஏறாதே என்றான். இவர் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் ஷெட்டிலேயே சவரம் செய்துகொண்டு வழவழவென்று வீட்டுக்கு வந்தார். அந்த வாரமே என் வயிற்றில் குழந்தை அசைவது நின்றுவிட்டது. ஆண் குழந்தை. அழாமலே பிறந்தது.

சவரத்துக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று படித்தவர்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டதுண்டு. ஆனால் பெற்ற வயிற்றுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் அதைப்பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சண்டை போட்டிருந்தாலாவது ஆறியிருக்கும். அவர் சோற்றைப் போடு என்பார், நான் போடுவேன். அவர் பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது எனக்காக இரண்டு தரம் ஊதுவது வழக்கம். அது அந்த வருஷத்தோடு நின்றுபோயிற்று. ஆசை இல்லாமல் இல்லை. நடுவில் ஒன்று படுத்துக் கிடந்தது, தாண்டிப்போக இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை.

இப்போது மறுபடியும். தாடி விட்டால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் அவலூர்பேட்டைக்குத் தெரியும், அவர் பஸ்ஸில் ஏறாத அவலூர்பேட்டைக்காரன் யார்? தாடி விடாவிட்டால் என் குழந்தை. இதுதான் அவர் கேட்ட "இன்னா பண்றது".

என் நாத்தனார், அவருடைய அக்கா, இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவருக்கு மட்டும் சொன்னோம். மறுநாளே பப்பாளிக்காயை மடியில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "காலம் போன காலத்துல இது எதுக்குடி? பொண்ணு வாழ்க்கையப் பாரு" என்றார். நான் அந்தக் காயை வாங்கி, அவர் கண் எதிரிலேயே எருமைக்குப் போட்டேன். நாத்தனார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எருமை நன்றாகத் தின்றது.

கல்யாணம் முடிகிற வரையில் வெளியே சொல்வதில்லை என்று ஆயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், வயிற்றை எதில் மறைப்பது? சேலையை அகலமாகக் கொசுவம் வைத்துக் கட்டினேன். தண்ணீர் எடுக்கப் போகும்போது குடத்தை முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் தினமும் காலையில் தோட்டத்து முருங்கை மரத்தில் கண்ணாடியை மாட்டி வைத்துக்கொண்டு சவரம் செய்தார். அடுப்படியில் இருந்தால் பிளேடு சரசரவென்று இழுபடுவது கேட்கும். அந்தச் சத்தம் கேட்டாலே கையை வயிற்றில் வைத்துக்கொள்வேன். வேண்டாங்க என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு துடிக்கும். சொல்ல மாட்டேன். மகளை நினைத்துக்கொள்வேன். அப்புறம் அவர் மேல் கோபம் வரும். இந்த மனுஷனுக்கு ஞாபகமே இல்லையா? அந்தப் பிள்ளையைக் குழியில் வைத்தது இதே கைதானே? எப்படி நடுங்காமல் இழுக்கிறது? என்னைப் பார்க்கக்கூட அவருக்கு வெட்கமாக இருக்கிறது என்று நினைத்தேன். நரைத்த தலை, ஊதின கால், இந்த வயதில் வயிறு. எக்ஸ்ட்ரா டிரிப் எல்லாம் இவரே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

தட்டு மாற்ற ஒரு வாரம் இருக்கும்போது எனக்கு லேசாகத் தீட்டுப்பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பாயில் சுருண்டு படுத்து, காலை அசைக்காமல் கிடந்தேன். மகள் வந்து பார்த்தாள், என்னம்மா என்றாள், தலைவலி என்றேன். அவள் என் துணியை எடுத்துக்கொண்டு போய்த் துவைத்துப் போட்டாள். சாயங்காலத்துக்குள் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் முருங்கை மரத்தில் கண்ணாடி மாட்டவில்லை. அன்றைக்கு ஏதோ அவசரம் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் இல்லை. முகத்தில் வெள்ளையும் கறுப்புமாகக் குத்திட்டு நின்றது. மகளைக் கூப்பிட்டு, "நைனாகிட்ட இன்னாடி சொன்ன?" என்று கேட்டேன்.

"எல்லாந்தான் சொன்னேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒரு மாசமா நீ சேலை கட்டுற அழகப் பாத்தா மாட்டுக்குக்கூடத் தெரியும்" என்றாள். வாய் அப்படியே என்னைக் கொண்டிருக்கிறது.

இப்போது என் பயம் திசை மாறிக்கொண்டது. இத்தனை நாள் மனசுக்குள் எதற்காக அழுதேனோ அது நடந்துவிட்டது, நடந்ததும் அடுத்த பக்கம் எரிய ஆரம்பித்துவிட்டது. அவலூர்பேட்டைக்காரர்கள் வருகிற நாளில் இவர் இந்த முகத்தோடு உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதற்குள் முதலாளியும் அவரை வண்டியிலிருந்து இறக்கி, பஸ் ஸ்டாண்டில் டைம் எழுதுகிற வேலைக்கு அனுப்பிவிட்டான். அவர் அதைச் சாப்பாட்டுக்கு இடையில், ரசம் எங்கே என்று கேட்கிற மாதிரி சொன்னார். நான் வெந்நீர் வைத்து, சோப்பும் பிளேடும் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"ஒரே ஒரு தரம் எடுத்துடுங்க. அவுங்க வந்துட்டுப் போவட்டும். அப்பால நீங்க சாமியாராவே ஆயிடுங்க, நான் கேக்கல."

"மாட்டேன்."

"ஏங்க, ஒரு நாளுதானே? பொண்ணு வாழ்க்கைங்க."

"அன்னிக்கும் ஒரு நாளுதான்மே."

அவர் குரல் உடைந்துவிட்டது. "தெனம் கண்ணாடியப் பாக்குறப்போ அந்தப் புள்ள மொகந்தான் தெரியுது எனக்கு. தாடையில கத்திய வெச்சா நெஞ்சு அடிச்சிக்குது. இத்தினி வருசமா ஒரு நா தவறல. உங்கிட்ட இன்னான்னு சொல்வேன்? நாந்தான் கொன்னுட்டேன்னா?"

இத்தனை வருஷமாக மறந்துவிட்டார், மறந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனுஷன் தினமும் காலையில் என் காதுக்கு எட்டுகிற தூரத்தில் நின்று அதையே அனுபவித்திருக்கிறார். எனக்கு அவர் மேல் அத்தனை ஆசையும் அத்தனை ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "இத்த முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?" என்று அவர் தோளில் ஓங்கிக் குத்தினேன். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார். வெந்நீர் ஆறிப்போயிற்று.

தட்டு மாற்ற அவர்கள் வந்தார்கள். வாத்தியார் மாப்பிள்ளை, அவருடைய அப்பா அம்மா, இன்னும் நாலைந்து பெரியவர்கள். நான் கேசரித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா சம்பந்தி, மொகமெல்லாம் காடாக் கெடக்குது? திருப்பதிக்கு வேண்டுதலா?"

ஆமாம் என்று சொல்லுங்க. ஏழுமலையானே தானாக வந்து வழி காட்டுகிறார், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்க.

"இல்லீங்க. எம் பொண்டாட்டி முழுவாம இருக்குறா. அதுக்குத்தான் வுட்டிருக்கேன்" என்றார்.

யாரோ ஒரு பெரியவர் களுக்கென்று சிரித்துவிட்டு, சிரிப்பைத் தொண்டையில் இருமலாக மாற்றிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "எத்தினி மாசம்?" என்றார். ஐந்து என்றேன். அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"அப்போ தையில கல்யாணம்னா ஏழு ஆயிடும். இந்த வயசுல வயித்தத் தள்ளிக்கினு மணையாண்ட வந்து நின்னா எங்க சனம் சிரிக்கும். அவுங்க உள்ளவே இருக்கட்டும். உங்க அக்காவும் அவுங்க வூட்டுக்காரரும் தார வாத்துக் குடுக்கட்டும்."

சரிங்க, சரிங்க என்று நான் தலையாட்ட ஆரம்பித்துவிட்டேன். இவ்வளவோடு போயிற்றே! உள்ளே என்ன, கொல்லையில் எருமை பக்கத்தில் கட்டிப் போட்டாலும் இருப்பேன். என் மகள் கல்யாணம் நடந்தால் போதும்.

"அது நடக்காதுங்க" என்றார் இவர். தாரை வார்க்கும்போது பெண்ணின் அப்பா கையில் தண்ணீர் ஊற்றுகிறவள் பெண்ணின் அம்மா. "அவதான் ஊத்தணும். வேற யாரு ஊத்துனாலும் என் கை அத்தப் புடிக்காது."

கலந்துகொண்டு சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எவளைக் கேட்டாலும் சொல்வாள். தட்டு மாறவில்லை. கேசரியை யாரும் தொடவில்லை. அவர்கள் தலை மறைந்ததும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க வாயில ஒரு பொய் வராதா? திருப்பதின்னு சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"திருப்பதின்னா, எப்ப மொட்ட போடுறீங்கன்னு அடுத்த வாரம் கேப்பான். அப்ப இன்னா பண்ணுவ?"

"நம்ப பொண்ணுங்க அவ!"

"ஏன், வயித்துல கெடக்குறது பக்கத்து வூட்டுதா?" என்றார்.

பாவம், மகள் மட்டும் கூடத்தில் பட்டுப்பாவாடை கசங்க உட்கார்ந்து, அந்தக் கேசரியைக் கரண்டி கரண்டியாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, வாய் தின்றது. "இன்னாடி பண்ற?" என்றேன். "நெய்யி, முந்திரி எல்லாம் போட்டிருக்குது, வீணாப் போவுதேம்மா" என்றாள். அந்தச் சிரிப்பும் அழுகையும் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

பத்து நாள் போலச் செய்தி இல்லை. நானும் அவரும் பேசிக்கொண்டது குறைவு. ஆனால் பழைய மாதிரிப் பேசாமல் இருந்தது இல்லை இது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வருவார், அவலூர்பேட்டை பஸ்ஸில் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பார், என் காலைப் பிடித்துவிட்டுத் திரும்பிப் போவார். கடைசியில் செய்தி வந்தது. தையிலேயே வைத்துக்கொள்ளலாம், பெண்ணின் அம்மா நின்றே தாரை வார்க்கட்டும். வாத்தியார் மாப்பிள்ளைதான் ஒற்றைக்காலில் நின்றாராம். அவருடைய நியாய புத்தி என்று என் வீட்டுக்காரர் சொன்னார். என் மகளின் மூக்கும் முழியும்தான் காரணம் என்பது என் கட்சி.

கல்யாணம் எங்கள் தெருவில், பந்தல் போட்டு. ஏழாம் மாதம். அந்த மாதம் பிறந்ததிலிருந்தே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். முகூர்த்தத்தன்று எழுந்து குளித்து, பூ வைத்துக்கொள்ளும்போதுதான் தோன்றியது. குழந்தை அசையவே இல்லை. தினமும் எழுந்ததும் விலாவில் ஒரு உதை விழும். அன்றைக்கு இல்லை. வெல்லத்தண்ணீர் குடித்துப் பார்த்தேன். இடது பக்கம் சாய்ந்து பார்த்தேன். வயிறு கல் மாதிரி கிடந்தது. பந்தலில் நாதஸ்வரம் வாசிக்கிறார்கள், என்னால் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? தாலி கட்டுகிற வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கலாமா?

மணைக்குப் பக்கத்தில் போய் நின்றபோது சனம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன், எனக்கு வயிறுதான் நினைப்பு. முகத்தை மூடின தாடியோடு அவர் கையை நீட்டினார், மகளின் கை அவர் கையில். நான் செம்பைச் சாய்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேளச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அசையுதா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் கை ஆடி, தண்ணீர் பாதி கீழே போயிற்று. "ஆடாமப் புடிங்க, ஆடாமப் புடிங்க" என்றார் ஐயர். அவர் பிடித்துக்கொண்டார். தாலி ஏறுகிற வரையில் இரண்டு பேரும் சிரித்த முகமாக நின்று அட்சதை போட்டோம். அந்த நேரத்தை நாங்கள் எப்படிக் கடந்தோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூன்றாவது முடிச்சு விழுந்ததும் அத்தனை பேர் எதிரிலும் என் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு பந்தலை விட்டு நடந்தார். சம்பந்திகள் எழுந்து நின்றுவிட்டார்கள். மணையில் இருந்த மகள் எங்களைப் பார்த்தாள். ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது அவளுக்கு. "போ நைனா, சீக்கிரம் இட்டுக்கினு போ" என்று, புதுத்தாலியோடு, கல்யாணப் பெண் என்றும் பாராமல் கத்தினாள்.

ஜட்கா வண்டியில் போனோம். வழி முழுக்க அவர் என் வயிற்றில் கை வைத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் அவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். நர்ஸ் என்னைப் படுக்க வைத்து, குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். பேசாதே என்று விரலைக் காட்டினாள். இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள். கீழே இறக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வேண்டுவதற்கு ஒரு சாமி பேரும் ஞாபகம் வரவில்லை. இன்னொரு பக்கம் வைத்தாள். அங்கேயே இருந்தாள்.

"இருக்குது. நல்லா அடிச்சிக்குது" என்றாள். கதவைத் திறந்து வெளியே பார்த்தும் அதையே சொன்னாள்.

அப்போது அவர் அழுதார் பாருங்கள், வாய்விட்டு, சுவரில் தலையை முட்டிக்கொண்டு. வார்டிலிருந்து சனமெல்லாம் எழுந்து ஓடிவந்தது. பட்டு வேட்டி, சந்தனம், அவ்வளவு பெரிய தாடி, இப்படி ஒரு அழுகை. யார் போய்விட்டார்களோ என்று ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள். நர்ஸ் வெளியே போய் அதட்டிய அதட்டல் எனக்கு உள்ளே கேட்டது.

"யோவ், உசுரோடதான்யா இருக்குது!"